இருபது குழி

எங்கள் தொழிற்சாலையில் தோட்டத்துக்குப் போகிற ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் கிண்டல்தான். "என்னப்பா, மாமியார் வீட்டுக்குக் கிளம்பிட்டியா?" என்பார்கள். மூன்று மாதம் மரத்தடி, கையில் ஒரு தண்ணீர்க் குழாய், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் அந்த விருந்துக்கு அழைப்பு இரத்தத்தில் வர வேண்டும்.

நாங்கள் கார் பேட்டரி செய்கிறவர்கள். பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, தகடாக வார்த்து, புது பேட்டரியாக அனுப்புவோம். ஈயம் தூசியாகவும் புகையாகவும் ஆளுக்குள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கம்பெனி டாக்டர் எல்லோருக்கும் இரத்தம் எடுப்பார். இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு நம்பர் வரும். நம்பர் நாற்பதைத் தாண்டினால் உலைப் பக்கம் நிற்கக் கூடாது, தோட்டத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி. முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் பழைய வேலை. இறங்காவிட்டால் 'உடல் தகுதியில்லை' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள்.

இந்த விதியை எழுதியவள் நான். 'சுற்றுச்சூழல் அதிகாரி' என்று என் மேசையில் ஒரு பலகை இருக்கிறது. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் சுற்றுச்சூழலுக்காக வாங்கிய மூன்று கேடயங்கள் இருக்கின்றன, மூன்றிலும் என் உழைப்பு பாதிக்கு மேல். மேலாளர் தினமும் காலையில் தன் கைக்குட்டையாலேயே அவற்றைத் துடைப்பார். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் கேடயம். எனக்கும் அவர் கேடயம்தான். நேரில் மட்டும் சார்.

என் தம்பி தகடு வார்க்கும் பிரிவில் இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ஐம்பத்திரண்டு என்று இருந்தது. அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் நான். இப்போதும் ஒரே வீட்டை நடுவில் ஒட்டுப்பலகை வைத்துத் தடுத்துக்கொண்டு இருக்கிறோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், அவன் மனைவி, இரண்டரை வயதில் சிட்டு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"மூணு மாசம் சும்மா இருக்கணுமாக்கா?" என்றான். ஏதோ ஜெயிலுக்கு அனுப்புகிற மாதிரி முகம்.

"ஆமா. தண்ணி ஊத்து. மரத்தடியில படுத்துத் தூங்கு. நம்பர் இறங்கினா போதும்."

"சும்மா இருக்க எனக்கு எங்கே தெரியும்?"

"தெரியலேன்னா கத்துக்கோ. அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்."

அவன் கற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவும் அதனால் வந்தது. ஊரில் இருக்கிற சோம்பேறிகள் எல்லாம் அந்தத் தோட்டத்தில் குறட்டை விட்டுவிட்டு, நம்பரும் இறங்கி, தொப்பையும் வைத்துத் திரும்பி வந்தார்கள். உழைத்தவன் இவன் ஒருவன்தான்.

இரண்டாவது வாரமே தோட்டத்தின் பின் மூலையில் பாத்தி கட்டிவிட்டான். மற்ற இடமெல்லாம் மரம் வளர்ந்து நிழல் விழுந்துவிட்டது. அந்த மூலையில் மட்டும் மரங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை, அதனால் நல்ல வெயில். "மண்ணு என்னமா இருக்கு தெரியுமாக்கா? மேலே கொஞ்சம் கட்டி. கீழே வெட்டினா மாவு மாதிரி பொலபொலன்னு வருது" என்று சொன்னான். நான் ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றேன். அந்த "ம்" இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கீரை போட்டான். முள்ளங்கி போட்டான். நாலு தக்காளிச் செடி. முன்பெல்லாம் உலை வேலை முடிந்து கருவாடாக வந்து விழுகிற ஆள், இப்போது மாலை ஐந்தரைக்கு ஒரு கட்டுக் கீரையோடு சிரித்துக்கொண்டு வந்தான். சிட்டு வாசலிலேயே காத்திருப்பாள். ஓடிப் போய் அவன் கால்களைக் கட்டிக்கொள்வாள், அவன் அழுக்குச் சட்டையிலேயே தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். உலையில் வேலை செய்கிறவன் குளிக்காமல், துணி மாற்றாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு அது வேண்டாம், அங்கே என்ன இருக்கிறது, வீணாகத் தண்ணீர்தான் செலவு என்று எழுதியவளும் இதே புண்ணியவதிதான்.

கீரைக் கட்டை அவிழ்த்து வேர் கிள்ளுவது சிட்டுவின் வேலை. வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டித் தரையில் குவித்து வைப்பாள். அதில் விரலால் கோடு போடுவாள், விரல் வாய்க்குப் போகும். தம்பி மனைவி கீரையை வேகவைத்து மசித்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தருவாள். "கடையில வாங்கினா இந்த ருசி வருமா அண்ணி? உங்க தோட்டத்துக் கீரை" என்பாள். என் தோட்டமாம். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது.

சிட்டு அதிகம் பேசமாட்டாள். அம்மா, தா, கீயை. கீரையைத்தான் அப்படிச் சொல்வாள். போன வருடக் கடைசியில் சொன்ன வேறு சில வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. நாங்கள் கவலைப்படவில்லை. "அவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயில கொழுக்கட்டை வெச்சிருந்தவன்தான்" என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. தோட்டத்தில் இருந்த ஆறு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஐந்து பேருக்கு இறங்கியிருந்தது. தம்பிக்கு அறுபத்தொன்று.

"உங்க தம்பி கள்ளத்தனமா உலையில ஓவர்டைம் பாக்கிறாரா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். கேடயமும் அங்கே இருந்தார். "கை கழுவாம சாப்பிடுவான் மேடம். இவங்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் மண்டையில ஏறாது" என்றார்.

வெட்டினால் மாவு மாதிரி வருகிறது என்று அவன் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

மதிய இடைவேளையில் தனியாகப் பின் மூலைக்குப் போனேன். தம்பியின் மண்வெட்டி பாத்தி ஓரத்தில் கழுவித் துடைத்து வைத்திருந்தது. ஒரு வெட்டு, செம்மண். இரண்டாவது வெட்டு, செம்மண். மூன்றாவது வெட்டில் சாம்பல் நிறத்தில் பொடி வந்தது. அரையடிகூட இல்லை. கொஞ்சம் அள்ளி டப்பாவில் போட்டு என் சோதனை அறைக்குக் கொண்டுபோனேன். சோதிக்கத் தேவையே இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த இடம் முன்பு கசடு மேடு. எட்டு வருடம் உலையிலிருந்து வழித்துப் போட்ட கழிவு ஆளுயரத்துக்கு நின்றது. ஆறு வருடத்துக்கு முன்பு, எங்களிடம் பேட்டரி வாங்குகிற கார் கம்பெனி, தன் கார்களெல்லாம் பசுமைக் கார்கள் என்றும், கசடு மேடு வைத்திருக்கிறவர்களிடம் இனி வாங்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. நான்தான் திட்டம் எழுதினேன். மேட்டைச் சமப்படுத்தி, கெட்டியான பிளாஸ்டிக் விரித்து, மேலே இரண்டடி செம்மண் கொட்டி, மரம் நட வேண்டும். ஒப்பந்தக்காரர் சரியாகச் செய்தாரா என்று பார்க்க இருபது இடத்தில் குழி தோண்டி ஆழம் அளக்க வேண்டும். எங்கெங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைத்ததும் நான்தான்.

அளக்கப் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் ஒரு குழியைத் தயாராகத் தோண்டி வைத்திருந்தார். இறங்கி அளந்தேன். சரியாக இரண்டடி, அடியில் பிளாஸ்டிக். "மத்ததும் இதே மாதிரிதாங்க மேடம்" என்று எனக்குக் குடை பிடித்தார். தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரம் அது. கல்யாணத்துக்குப் போட அவனுக்கும் எனக்கும் துணி தைக்கக் கொடுத்திருந்தேன், தையற்கடை ஆறு மணிக்கு மூடிவிடும். மணி ஐந்தே கால். இருபது குழிக்கும் இரண்டடி, இரண்டடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இன்றைக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

அன்று மாலையே சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வெளி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி மனைவியும் கூட வந்தாள். "சும்மா ஒரு பரிசோதனைதான்" என்றேன். மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள், மூன்றாம் நாள் முடிவு வந்தது. தம்பி மனைவிக்குப் பதினாறு. எனக்கு ஒன்பது. சிட்டுவுக்கு நாற்பத்து நான்கு. உலைக்காரனையே தோட்டத்துக்கு அனுப்புகிற நம்பர் அது. குழந்தைக்கு ஐந்து இருந்தாலே அதிகம்.

குழந்தை மருத்துவர் வயதான அம்மாள். சிட்டுவை மேசைமேல் நிறுத்தி மணி ஆட்டிப் பார்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், படம் காட்டி இது என்ன என்று கேட்டார். சிட்டு அவர் கழுத்து மாலையைப் பிடித்து, "தா" என்றாள்.

"மருந்து தர்றேன். நம்பர் இறங்கிடும்" என்றார்.

தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப பேச்சு வந்துடுமாம்மா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். படித்தவள் இவள், இவளுக்குப் புரியும் என்று நினைத்திருப்பார். "ஏறினது இறங்கும்மா. போனது வராது. இருக்கிறதை வெச்சுப் பழக்கணும்" என்றார்.

பேருந்தில் தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க மட்டும் கண்டுபிடிக்கலேன்னா இன்னும் ஊட்டிட்டே இருந்திருப்பேன் அண்ணி. நீங்கதான் எங்க சாமி" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பேருந்திலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. சிட்டு என் மடியில் உட்கார்ந்து, தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கேடயத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். இருபது வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டடி. அடியில் என் கையெழுத்து, தூறல் துளி பட்டுக் கொஞ்சம் கலைந்திருந்தது.

"கார் கம்பெனியிலிருந்து புதன்கிழமை தணிக்கைக்கு வர்றாங்க" என்றார். "நானூறு குடும்பம் இருக்கு மேடம். உங்க குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நான் அவங்ககிட்ட சொல்லப் போறேன் சார்."

"சொல்லுங்க" என்றார். தடுக்கவே இல்லை. இதில் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

புதன்கிழமை வந்த தணிக்கைக்காரர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரைப் பின் மூலைக்குக் கூட்டிப் போய், நானே வெட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார், படம் எடுத்தார், படிவத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சிறு குறைபாடு' என்று இருந்தது.

"சிறுசா?"

"மேல்மண் இருக்கு, ஆழம்தான் கம்மி. பெருசுன்னு போடணும்னா மண்ணே இல்லாம இருக்கணுங்க மேடம்."

"எங்க வீட்டுக் குழந்தைக்கு இரத்தத்துல நாப்பத்து நாலு."

அவர் பேனாவை மூடினார். கண்கள் கலங்கியதைப் பார்த்தேன், நடிப்பு இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல அதுக்கு இடம் இல்லைங்க. இது தொழிற்சாலை எல்லைக்குள்ள நடக்கிறதுக்கு மட்டும்" என்றார்.

தொண்ணூறு நாளில் பிளாஸ்டிக் விரித்து இரண்டடிக்கு மண் நிரப்ப வேண்டும். தோட்டத்தில் உண்ணும் செடிகள் வளர்க்கக் கூடாது என்று பலகை வைக்க வேண்டும். பொறுப்பு, சுற்றுச்சூழல் அதிகாரி. சான்றிதழ் தொடரும். அவ்வளவுதான். அரசாங்க அலுவலகத்துக்கும் எழுதினேன். குறைபாடு ஏற்கெனவே கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டு வருவதாகத் தெரிகிறது என்று ஒரு பத்தியில் பதில் வந்தது. அவர்களுக்கு அந்தத் தகவல் எங்கிருந்து போனது என்று விசாரித்தேன். நான் அனுப்பிய மாதாந்திர அறிக்கையிலிருந்து.

தம்பிக்கு 'உடல் தகுதியில்லை' தாள் வந்தது. என்னிடம் ஒப்புதலுக்கு வந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். பெரிய வீராங்கனை. அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் மேலாளரே போடலாம் என்று விதியில் இருக்கிறது, அவர் போட்டுவிட்டார். தோட்டத்தில் இருந்தபடியே நம்பர் ஏறினால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவனுக்கு வேலை தப்பியிருக்கும். அப்படி நடக்கும் என்று யார் கண்டது.

அவனிடம் குழிக் கணக்கைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவன் மனைவி சிட்டுவை மருந்துக்குக் கூட்டிப் போன ஒரு சாயங்காலம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். இப்போதெல்லாம் வீட்டு வேலை முழுக்க அவன்தான். சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அந்த மூலையில மண் எவ்வளவு இருக்குன்னு இருபது குழி தோண்டிப் பாத்திருக்கணும்டா. நான்தான் பாக்கணும்."

"பாத்தது எத்தனை?"

"ஒண்ணு."

தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரே பாத்திரத்தை. "ஏன்க்கா?" என்று கேட்டான்.

"மழை தூறுச்சு. தையற்கடை மூடிடுவான்னு... உன் கல்யாணத் துணி."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டுவான், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். "நல்லாத்தான் இருந்துது அந்தத் துணி" என்றான். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். வளர்ந்த பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்காரவும் எனக்கு யோக்கியதை இல்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லாதே" என்றான்.

"நான் சொல்லித்தாண்டா ஆகணும்."

"சொல்லி? நான் இனி எங்கேயாவது வெளியூர்ல வேலை தேடிப் போகணும். புள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? சொல்லிட்டு நீ நிம்மதியா இருந்துடுவே. அவ?"

மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

தொண்ணூறு நாளில் வேலை முடிந்தது. தம்பியின் பாத்திகளைப் பிடுங்கி எறிந்தார்கள். பிளாஸ்டிக் விரித்தார்கள், லாரி லாரியாகச் செம்மண் வந்தது. இந்தத் தடவை நான் ஒப்பந்தக்காரரைக் கிட்டே நெருங்க விடவில்லை. தம்பியின் மண்வெட்டியை எடுத்து இருபது குழியையும் என் கையாலேயே தோண்டினேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நாலு மணி ஆயிற்று, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இருபதிலும் சரியாக இரண்டடி இருந்தது. ஒன்றிலாவது குறையாதா என்று பார்த்தேன். குறையவில்லை. கையெழுத்துப் போட்டேன். கேடயம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் கேடயம் நமக்குத்தான் மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் பாடம் நடந்துகொண்டிருந்தது. மருத்துவர் சொன்னபடி தம்பி மனைவி தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறாள். நம்பர் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. பேச்சு அந்த மூன்று வார்த்தையிலேயே நிற்கிறது, மூன்றாவது எங்களுக்குக் கேட்கவே பிடிக்காத வார்த்தை. இந்த வாரம் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுக்கிறாள்.

"அத்தை சொல்லு. அத்... தை. யாரு உன்னைக் காப்பாத்தினது? அத்தை. சொல்லும்மா."

சத்தம் இல்லை. மறுபடி சொன்னாள். மறுபடி சத்தம் இல்லை. அவளுக்குப் பொறுமை அதிகம், முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். நான் கதவோரம் அப்படியே நின்றேன். ஓடிப் போய் அவள் வாயைப் பொத்திவிடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணி, இன்னிக்கு உதட்டைக் குவிச்சா! வந்துடும் போல இருக்கு. முதல்ல உங்களைத்தான் கூப்பிடணும்னு வெச்சிருக்கேன்."

சிட்டு என்னைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். என் நகக் கண்ணில் செம்மண் இருந்தது. "இரு, வந்துடறேன்" என்று உள்ளே போய், சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன்.